உதறல் பாட்டின் சொந்தக்காரி

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் திரும்பி வந்த அன்று, என்னை ஏற்றிக்கொண்ட டாக்ஸிக்காரர் ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடியே வண்டி ஓட்டினார். மூன்று தட்டு. அப்புறம் கையைத் தூக்கி அந்தரத்தில் நிறுத்துவார். மறுபடி மூன்று தட்டு. அவருடைய போனில் ஒரு பெண்குரல் எடுத்துக் கொடுக்க, பெருங்கூட்டம் ஒன்று வாங்கிப் பாடிக்கொண்டிருந்தது. மூன்று வரிக்கு ஒரு தரம் அத்தனை பேரும் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்கள். அந்த இடைவெளியில் எங்கோ தூரத்தில் ஒரு பஸ் ஹாரன் அடிப்பது கேட்டது.

“என்ன பாட்டுங்க இது?”

“வெளியூரா நீங்க? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துப் பாட்டும்மா இது. உதறல் பாட்டு. பாடுறது சைரன்னு ஒரு அம்மா. இப்போ நகரசபைத் தேர்தல்ல நிக்குது. பாட்டுக்கே ஓட்டு விழும் பாருங்க.”

“எங்க அக்கா அந்தச் சலவைக்கூடத்துலதான் வேலை பார்க்கிறா.”

அவர் கண்ணாடியில் என்னை மரியாதையோடு பார்த்தார். “அப்போ அவங்களும் பாடுவாங்களா?”

“அவளா? குறட்டை விட்டாத்தான் உண்டு,” என்று சொல்லிச் சிரித்தேன்.

அதே உற்சாகத்தோடு மூன்று மாடி ஏறி, பையை இறக்கி வைப்பதற்கு முன்பே அக்காவிடம் சொன்னேன். “உங்க ஆஸ்பத்திரிப் பாட்டு பிரமாதம்க்கா. டாக்ஸிக்காரர் பாடுறார். யாரது சைரன்? உனக்குப் பழக்கமா?”

அக்கா என் பையை வாங்கி எடை பார்ப்பதுபோல் ஒரு தரம் தூக்கி, மூலையில் வைத்தாள்.

“பழக்கம்தான். குரல் பெருசு. காது சின்னது,” என்றாள். “போய்க் குளி. நாறுறே.”

எனக்கும் அவளுக்கும் பதினைந்து வயது வித்தியாசம். அம்மா போன பிறகு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவள், காய்ச்சலில் பார்த்துக்கொண்டவள், கடைசியில் விமான நிலையத்தில் அழாமல் வழியனுப்பியவள் எல்லாம் அவள்தான். கல்யாணத்துக்கு நேரமில்லை என்று சொல்லுவாள். மனமில்லை என்பதுதான் நிஜம். இருபது வயதில் ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் இறங்கியவள் இருபத்துநான்கு வருடமாக அங்கேதான் இருக்கிறாள்.

அங்கே அவளுக்குப் பிரிக்கிற வேலை. கூடத்துப் பேச்சை அவள் வீட்டுக்குக் கொண்டுவந்ததே இல்லை; இதெல்லாம் திரும்பி வந்த பிறகு நான் கேட்டுத் தெரிந்துகொண்டது. வார்டுகளிலிருந்து அழுக்கு விரிப்புகள் மூட்டை மூட்டையாகத் தள்ளுவண்டியில் வந்து இறங்கும். இயந்திரத்தில் போடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் பிரித்து உதற வேண்டும். இரண்டு பேர் நான்கு முனைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நடுவில் தரையில் ஒரு பெரிய தகரத் தட்டு. உதறினால் விரிப்புக்குள் சுருண்டு கிடக்கிற ஊசி, கத்தரிக்கோல், சில நாள் யாரோ மறந்துவிட்ட பல்செட்டு, எல்லாம் தட்டில் விழும். பல்செட்டு விழுந்தால் ஊருக்கே கேட்கும். ஊசி விழுந்தால் மெல்லிசாக ஒரு ‘டிங்’. அதைக் கேட்டால்தான் எடுக்க முடியும். கேட்காமல் விட்டால் அது விரிப்பின் மடிப்பிலேயே ஒட்டிக்கொண்டு யாருடைய கையையாவது தேடிப் போகும்.

ஆறு ஜோடி, ஆறு தட்டு. ஆளுக்கொரு நேரத்தில் உதறிக்கொண்டிருந்தால் யாருடைய ஊசியும் யாருக்கும் கேட்காது. அக்கா வேலையில் சேர்ந்த எட்டாம் வருடம் அப்படித் தப்பிய ஊசி ஒன்று, இஸ்திரி போடுகிற பெண்ணின் உள்ளங்கையில் ஏறிவிட்டது. மறுநாள் காலை அக்கா தன் ஜோடியோடு நின்று, மற்ற ஐந்து ஜோடியையும் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“உதறு! உதறு! உதறு!”

நாலாவது அடியில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கேட்க வேண்டும். ‘டிங்’ என்றால் குனிந்து எடுக்க வேண்டும். இல்லையென்றால் அடுத்த விரிப்பு.

நாள் முழுக்க உதறு உதறு என்றே கத்தினால் வாய் புளித்துப் போகாதா? ஆகவே வார்த்தைகள் வந்தன. ‘வார்டு நம்பர் ஆறு, வந்த மூட்டை பாரு, உள்ளே என்ன கூறு’, பிறகு மௌனம். சூப்பர்வைசர் காலையில் முறைத்தால் அவருடைய தொப்பை பாட்டில் வரும். அக்கா இதையெல்லாம் நின்ற நிலையில் இட்டுக்கட்டுவாள். அதைப் பாட்டு என்று சொன்னால் மட்டும் அவளுக்குப் பிடிக்காது.

“பாட்டு என்ன பாட்டு. வேலைக்கு ஒரு கணக்கு,” என்பாள்.

பதினோரு வருடமாக அவளுடைய விரிப்பின் மறுமுனையைப் பிடித்தவள்தான் சைரன். பெயர் வந்த காரணம் அவள் ‘வணக்கம்’ என்று சொன்னாலே விளங்கும். அக்கா எடுத்துக் கொடுப்பாள், சைரன் தூக்கிப் பிடிப்பாள். இருவரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருத்தி லீவு போட்டாள்.

இரண்டு வருடத்துக்கு முன் கடைசி ஜோடியில் நின்ற பெண்ணுக்கு ஊசி குத்தி, ரத்தத்தில் நோய் ஏறிவிட்டது; அவள் மூன்று மாதம் படுக்கையில் கிடந்து திரும்பி வந்தாள். தடித்த கையுறை வேண்டும், வார்டிலேயே ஊசிகளை எண்ணி எடுத்த பிறகுதான் மூட்டை கட்ட வேண்டும் என்று பன்னிரண்டு பேரும் கேட்டார்கள். கையுறை போட்டால் வேலை மந்தமாகும் என்று நிர்வாகம் சொன்னது. பன்னிரண்டு பேரும் தட்டுகளையும் இரண்டு கிழிந்த விரிப்புகளையும் எடுத்துக்கொண்டு மேலே ஏறி, ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். அங்கேதான் அந்தக் கணக்கு போராட்டப் பாட்டாக மாறியது.

‘கையில உறை இல்லை. கண்ணுல தூக்கம் இல்லை. கேட்டா பதில் இல்லை.’

பிறகு மௌனம். அந்த மௌனம் இப்போது நிர்வாகத்தின் ஜன்னலைப் பார்த்து நின்றது.

பத்து நாள் அக்காதான் எடுத்துக் கொடுத்தாள். போகிறவர்கள் பார்த்தார்கள், போனார்கள். பதினோராம் நாள் அவள் வரவில்லை. சைரன் எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்குத்தான் பார்வையாளர் ஒருவர் போனில் படம் எடுத்தார். அன்றைக்குத்தான் வார்டு நர்சுகள் இறங்கி வந்து சேர்ந்துகொண்டார்கள். அந்த மூன்று நிமிடப் படம் வாரத்துக்குள் எல்லார் போனிலும் ஏறிவிட்டது. பத்தொன்பதாம் நாள் கையுறை வந்தது, ஊசி எண்ணும் உத்தரவும் வந்தது.

பெண்கள் கீழ்த்தளத்துக்குத் திரும்பிவிட்டார்கள். பாட்டு திரும்பவில்லை. பஸ் தொழிலாளர்கள் டிக்கெட் மெஷினைத் தட்டிப் பாடினார்கள். வாடகை உயர்வுக்கு எதிராக நின்றவர்கள் சாவிக்கொத்தை உதறினார்கள். சட்டசபையில் ஓர் உறுப்பினர் கேள்வி கேட்டுவிட்டு மேஜையை மூன்று முறை தட்டிப் பேசாமல் நின்றாராம். மந்திரி பதில் தேடிய அந்த ஐந்து விநாடியைத் தொலைக்காட்சியில் நாள் முழுக்கப் போட்டார்கள். புதுசாக முளைத்த சிறிய கட்சி ஒன்று பாட்டையும் எடுத்துக்கொண்டது, பாட்டுக்காரியையும் எடுத்துக்கொண்டது. பெரிய கட்சி ‘எதிரியை உதறு’ என்று ஒரு போலிப் பாட்டு போட்டுப் பார்த்தது. எடுபடவில்லை.

நான் போன நாடுகளில் இதை வேறு வேறு மெட்டில் பார்த்திருக்கிறேன். தெருவில் நாலு பேர் பாடுவார்கள். கூட்டம் சேரும். கூட்டம் சேர்ந்ததும் அதைத் தாங்கிப் பிடிக்க ஒரு மேடை வரும். மேடை வந்த பிறகு, முதலில் பாடிய நாலு பேரில் மூன்று பேர் எங்கே போனார்கள் என்று எவரும் கேட்பதில்லை. பதினொரு நாட்டில் இப்படிப்பட்ட பாட்டுகளைப் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். நானே ஒன்று கட்டிப் பார்த்தேன். ஒரு சதுக்கத்தில் கிட்டாரோடு நின்று பாடினேன். நாலு பேர் கை தட்டினார்கள், அதில் ஒருவர் குளிருக்காகத் தட்டினார். கீழ்த்தளத்தை விட்டு நகராத என் அக்கா இட்டுக்கட்டியதை ஒரு நாடே பாடுகிறது என்று தெரிந்தபோது எனக்குள் சந்தோஷம் வரவில்லை. வயிறு எரிந்தது. அதை ஒப்புக்கொள்ள ஒரு வாரம் பிடித்தது.

அக்காவுக்கு அந்த ஒப்புதல் எல்லாம் தேவைப்படவில்லை. அவள் பகிரங்கமாகவே எரிந்தாள். பஸ்ஸில் அந்தப் பாட்டு போட்டால் இறங்கி நடந்தாள். மாடிப்படியில் பிள்ளைகள் பாடி விளையாடினால், “மூணு தட்டினா நிறுத்தணும். நிறுத்தத் தெரியாதவங்க பாடக்கூடாது,” என்று அதட்டினாள். எங்கள் ஜன்னலுக்கு எதிர்ச்சுவரில் சைரனின் தேர்தல் சுவரொட்டி ஒட்டியிருந்தது. கையை உயர்த்தி, வாயைத் திறந்து, ஆளுயரத்துக்கு. அந்த ஜன்னலின் கொடியில் மட்டும் எங்கள் வீட்டுத் துணி காய்ந்துகொண்டே இருந்தது. காய்ந்த பிறகும் இருந்தது.

“அந்தத் துண்டை எடுத்துடவாக்கா? காஞ்சு விறைச்சுப் போச்சு.”

“இருக்கட்டும். வெயில் படட்டும்.”

“வெயில் இந்தப் பக்கமே வராதுக்கா.”

“அப்போ காத்து படட்டும்.”

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒருவர் கதவைத் தட்டினார். தங்கநிற விளிம்பு போட்ட கண்ணாடி, இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. பெரிய கட்சியின் தேர்தல் அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னார். உட்காரச் சொல்லும்வரை நின்றார், தேநீர் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அக்காவின் வேலை, வயது, எத்தனை வருடச் சர்வீஸ் எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது.

“அந்தப் பாட்டு உங்களுதுன்னு உங்க கூடத்துல எல்லாருக்கும் தெரியும்மா. வெளியில ஒருத்தருக்கும் தெரியாது. அது சரியா?”

அக்கா காலிக் குவளையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

“நாங்க ஒண்ணும் கேட்கலை. பொய் சொல்லச் சொல்லலை. கேமரா முன்னாடி உட்கார்ந்து உண்மையைச் சொல்லுங்க. ‘பாட்டு என்னுது. அவ எடுத்துக்கிட்டா.’ அவ்வளவுதான்.”

“எடுத்துக்கிட்டான்னா?”

“திருடிட்டான்னு சொன்னாலும் சரிதான்மா. உங்க இஷ்டம்.”

அவர் போன பிறகு அக்கா தேநீர்க் குவளைகளை நெடுநேரம் கழுவினாள். வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தாள். வாக்குப்பதிவுக்குப் பத்து நாள் இருந்தது. சைரன் நிற்கிற நகரசபை வார்டில் போட்டி கடுமை, நூறு இருநூறு ஓட்டில்தான் முடியும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். அக்கா வாயைத் திறந்தால் சைரன் தோற்று வீட்டுக்குப் போக வேண்டியதுதான். வந்தவருக்கும் அக்காவுக்கும் அது தெரிந்திருந்தது. எனக்கும்.

“சொல்லிடுக்கா,” என்றேன். “உண்மைதானே? எத்தனை நாள்தான் துண்டைக் காயப்போடுவே?”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னேன் என்று அன்று நினைத்தேன். ஆனால் அக்காவுக்குப் பாட்டு கிடைக்கிறதோ இல்லையோ, சைரனிடமிருந்து அது போய்விட வேண்டும் என்ற ஆசையும் எனக்குள் இருந்தது. எனக்குக் கிடைக்காத மேடை, எடுத்துக் கொடுத்ததையே திருப்பிப் பாடிய ஒருத்திக்கு எதற்கு?

செய்தி எப்படிப் போயிற்றோ, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சைரனே வந்துவிட்டாள். படி ஏறும்போதே குரல் கேட்டது. கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளே வந்ததும் அவள் நேராக ஜன்னலுக்குப் போய், துண்டை விலக்கித் தன் சுவரொட்டியைப் பார்த்தாள்.

“மூக்கு கோணலா விழுந்திருக்கு. மறைச்சது நல்லதாப் போச்சு,” என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. “என்ன வேணும்?”

“என்னக்கா கேள்வி இது? பதினோரு வருஷம் ஒரே பாக்ஸ்ல தின்னிருக்கோம். வந்தா என்ன வேணும்னு கேட்கிறே.”

“அப்போ பாக்ஸ்ல திங்க வந்தே. இப்போ எதுக்கு வந்திருக்கே?”

“வியாழக்கிழமை என்ன சொல்லப் போறேன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்.”

“உண்மையைச் சொல்லப் போறேன்.”

சைரன் நாற்காலியில் உட்கார்ந்தாள். முதல் முறையாகக் குரல் இறங்கியது. “முதல் பேட்டியிலேயே நான் சொன்னேன்க்கா. பாட்டு எங்க அக்காவுதுன்னு. வெட்டிட்டாங்க. ரெண்டாவது பேட்டியில சொன்னேன், அதுலயும் வெட்டிட்டாங்க. மூணாவது பேட்டியில...” கொஞ்சம் தயங்கினாள். “மூணாவதுல நான் சொல்லலை.”

“ஏன் சொல்லலை?”

“நல்லா இருந்துச்சு. அதான்.”

இப்படி ஒரு பதிலை அக்கா எதிர்பார்க்கவில்லை. சைரன் சமாதானம் செய்ய நினைத்துத் தப்பான காரியம் ஒன்று செய்தாள். கட்சி புதிதாகப் பதிவு செய்த பாட்டைப் போனில் போட்டுக் காட்டினாள். பெரிய ஸ்டூடியோ, முப்பது வாத்தியம், பின்னணியில் பிள்ளைகள் குரல்.

‘கவலை இனி இல்லை. கண்ணீர் இனி இல்லை. மாற்றம் வெகு தூரமில்லை.’

நாலாவது அடியில் தம் தம் என்று மேளம் விழுந்தது.

அக்கா எழுந்து நின்றுவிட்டாள். “இது என்னடி?”

“எது?”

“நாலாவதுல மேளம் அடிக்கிறாங்க.”

“அந்த இடம் காலியா இருக்குன்னு மியூசிக்காரர் போட்டாருக்கா. சும்மா இருந்தா ஜனங்களுக்கு போன் கெட்டுப்போச்சோன்னு தோணுமாம்.”

“காலியா? அது காலியா இருக்கா? ஊசி விழுந்தா எப்படிடி கேட்கும்?”

“மேடையில எங்கக்கா ஊசி விழுது!”

“பதினோரு வருஷம் எனக்கு எதிர்ல நின்னியே. நின்னு என்னத்தைக் கேட்டே நீ?”

“அப்போ நீ வந்து பாடியிருக்கணும்!” சைரனுக்கும் கோபம் வந்துவிட்டது. குரல் பழைய உயரத்துக்கு ஏறியது. “அன்னிக்குப் பத்து மணி வரைக்கும் உனக்காகக் காத்திருந்தேன். தட்டை எடு, தட்டை எடுன்னு எல்லாரும் பிடுங்கினாங்க. நீ எங்கே போனே? உன் தங்கச்சி பாஸ்போர்ட்டைத் தொலைச்சிட்டான்னு, இவ பிறந்த சர்ட்டிபிகேட் வாங்க முனிசிபல் ஆபீஸ் வரிசையில நின்னே. பொழுது சாயுற வரைக்கும் நின்னே. அதுக்கு நானா பொறுப்பு?”

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் பார்வையைத் திருப்பிக்கொண்டார்கள்.

எனக்கு அந்த நாள் நினைவிருந்தது. பஸ் நிலையத்தில் பையைப் பறிகொடுத்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்து, நாளைக்கே சர்ட்டிபிகேட் வேண்டும், இல்லையென்றால் விடுதியில் என்னைத் துரத்திவிடுவார்கள் என்று கத்தினேன். போராட்டம் நடக்கிறது என்று அவள் சொல்லவில்லை. ‘சரி, போறேன்’ என்று மட்டும்தான் சொன்னாள். மறுநாள் அதன் படம் போனில் வந்து சேர்ந்தபோது நன்றிகூட ஒரு வரியில்தான் அனுப்பினேன்.

சைரன் போன பிறகு கேட்டேன். “ஏன்க்கா என்கிட்ட சொல்லலை?”

“சொல்லியிருந்தா? வேண்டாம், நீ அங்கேயே இருன்னிருப்பியா?”

நான் கொடியில் இருந்த துண்டை இழுத்து நேராக்கினேன்.

“அதான்,” என்றாள். அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே, “நீ நாடு நாடாப் போறே. அவ மேடை மேடையாப் போறா. நான் தினமும் பதினெட்டுப் படி கீழே இறங்குறேன். எனக்கு மட்டும் பொறாமை இருக்கக்கூடாதா?” என்றாள். கேட்டது என்னையா, சுவரையா என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை கண்ணாடிக்காரர் கேமராவோடும் இரண்டு விளக்கோடும் வந்தார். எங்கள் முன்னறையில் விளக்கு வைத்தால் ஆள் நிற்க இடமில்லை. நான் சமையலறை வாசலில் நின்றேன். அக்கா சலவைக்கூடத்தின் நீலச் சீருடையை உடுத்தி, தலையை இழுத்துக் கட்டி, நேராக உட்கார்ந்தாள். முதல் பகுதி அவர் நினைத்தபடியே போயிற்று. ஊசி, தகரத் தட்டு, ஆறு ஜோடி, முதல் குரல் எல்லாவற்றையும் தெளிவாகச் சொன்னாள். கண்ணாடிக்காரரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. அவர் தன் போனில் கட்சிப் பாட்டைப் போட்டார்.

“இது உங்க பாட்டுதானே, அம்மா?”

“இல்லை.”

“அம்மா, வார்த்தை கொஞ்சம் மாத்தியிருக்காங்க. ஆனா...”

“வார்த்தை கிடக்கட்டும். நாலாவதுல மேளம் அடிக்குது பாருங்க. இதை நான் பண்ணியிருந்தா வெட்கத்துலயே செத்திருப்பேன்.”

“உங்ககிட்ட இருந்து எடுத்ததுதானே?”

“இதையா? இதை என்னுதுன்னு என் வாயால சொல்லச் சொல்றீங்களா? கூடத்துல என் முகத்துல யார் முழிப்பா?”

கண்ணாடிக்காரர் கேமராவை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியைத் துடைத்தார். பொறுமைசாலிதான். பதினோராம் நாள் படத்தைத் தேடி எடுத்து, போனை அக்காவின் கையிலேயே கொடுத்தார்.

“சரிம்மா. இது? இதுல மேளம் இல்லை. இது உங்களுதுதானே?”

இரண்டு வருடமாக நாடே பார்த்த அந்தப் படத்தை அக்கா அதுவரை பார்த்ததில்லை. பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தவள் அல்லவா? இப்போது கையில் வைத்துக்கொண்டு முழுக்கப் பார்த்தாள். சைரன் விரிப்பின் முனையைப் பிடித்திருக்கிறாள். எதிர்முனையில் அக்கா நிற்க வேண்டிய இடத்தில் யாரோ ஒரு நர்ஸ். கையில உறை இல்லை, கண்ணுல தூக்கம் இல்லை, கேட்டா பதில் இல்லை. வாசலில் நின்ற முந்நூறு பேரும் நிறுத்தினார்கள். ரோட்டில் ஒரு ஸ்கூட்டர்காரரும் நின்று இன்ஜினை அணைத்தார். பஸ் ஹாரன். ஒரு குழந்தையின் அழுகை. மறுபடி முதல் வரி.

“சரியா நிறுத்துறா,” என்றாள் அக்கா, யாரிடமும் இல்லாமல். படத்தை மறுபடி முதலிலிருந்து வைத்துப் பார்த்தாள். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

“உங்க பாட்டு. அவங்க எடுத்துக்கிட்டாங்க. அப்படித்தானே?”

“நான் பத்து நாள் நிறுத்தினேன். பதினோரு பேர் நின்னாங்க.” அக்கா போனைத் திருப்பிக் கொடுத்தாள். “அவ ஒரு நாள் நிறுத்தினா. ரோடே நிக்குது. அது எப்படின்னு எனக்குத் தெரியலை சார். என்கிட்ட இருந்து எடுத்திருந்தா என்கிட்டயும் இருந்திருக்கணும் இல்லையா?”

“அம்மா, திருடிட்டான்னு ஒரு வார்த்தை...”

“விளக்கை அணைங்க. கண்ணு எரியுது.”

அவள் சமையலறைக்குள் வந்து என்னைத் தள்ளிக்கொண்டு குழாயைத் திறந்து முகத்தில் தண்ணீர் அடித்தாள். விளக்கினால்தான் கண் எரிகிறது என்று மூன்று முறை சொன்னாள்.

கண்ணாடிக்காரர் வெறுங்கையோடு போகிறவர் அல்லர். மறுநாளே பன்னிரண்டு விநாடித் துண்டு ஒன்று எல்லார் போனிலும் வந்தது. நீலச் சீருடையில் அக்கா: ‘நாலாவதுல மேளம் அடிக்குது பாருங்க. இதை நான் பண்ணியிருந்தா வெட்கத்துலயே செத்திருப்பேன்.’ கீழே ‘சக தொழிலாளியே சிரிக்கிறார்’ என்று எழுத்து. ஊர் சிரித்தது உண்மைதான். ஆனால் அவர்கள் சிரித்தது மேளத்தைப் பார்த்து. சலவைக்கூடத்து அம்மா சொல்வது சரிதானே, பழைய பாட்டில் அந்த இடத்தில் உடம்பு சிலிர்க்குமே, இதில் ஒன்றுமில்லையே என்று பேச ஆரம்பித்தார்கள். இரண்டே நாளில் சிறிய கட்சி ஸ்டூடியோப் பாட்டைத் தூக்கி எறிந்தது. கடைசிக் கூட்டத்தில் சைரன் மைக்கைக் கீழே வைத்துவிட்டு, கையில் ஒரு தகரத் தட்டோடு, பழைய வார்த்தைகளிலேயே பாடினாளாம். கையில உறை இல்லை என்றாளாம். நாலாவது அடியில் மைதானமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதாம்.

இதையெல்லாம் பால்காரர் வந்து சொல்லிவிட்டுப் போனார். அக்கா பாத்திரத்தைத் தரையில் வைத்தாள்.

“என் வாயாலேயே அவளுக்குப் பிரசாரம் பண்ணிட்டேன்,” என்றாள். “என் வாயில மண்ணைப் போடணும்.”

வாக்குப்பதிவு நாளில் அக்கா காலை ஷிப்டுக்கு முன் தனியாகப் போய்விட்டு வந்தாள். யாருக்குப் போட்டாய் என்று கேட்டேன். அது ரகசியம், சட்டம் தெரியாதா, இத்தனை நாடு சுற்றி என்ன கற்றாய் என்று திட்டினாள்.

எண்ணிக்கை முடிந்த மத்தியானம் ஊர்வலம் எங்கள் தெருவுக்குள் வந்தது. முன்னால் திறந்த வண்டியில் சைரன். பின்னால் சலவைக்கூடத்து ஆட்கள், பஸ்காரர்கள், முன்பின் தெரியாத எத்தனையோ பேர். மூன்று தட்டு, மௌனம். மூன்று தட்டு, மௌனம். வண்டி எங்கள் வாசலில் நின்றது. சைரனுக்கு ஒலிபெருக்கி எதற்கு?

“அக்கா! வெளியே வா அக்கா!”

அக்கா கட்டிலில் உட்கார்ந்து தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தாள். “நான் வேலைக்குப் போயிருக்கேன்னு சொல்லு,” என்றாள் என்னிடம்.

“மத்தியானம் உனக்கு ஷிப்ட் இல்லைன்னு அவளுக்குத் தெரியாதாக்கா?”

“தெரிஞ்சா தெரியட்டும். சொல்லு.”

ஜன்னலில் எட்டிப் பார்த்து அப்படியே சொன்னேன். கீழே கூட்டம் சிரித்தது. சைரன் சிரிக்கவில்லை. துண்டு தொங்கிய எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டு சிறிது நேரம் நின்றாள்.

“நாளைக்கும் வருவேன்னு சொல்லு. கதவைத் திறக்கிற வரைக்கும் வருவேன்னு சொல்லு,” என்றாள். வண்டி நகர்ந்தது.

நான் திரும்பியபோது அக்கா உறையை மாற்றி முடித்து, தலையணையை மடியில் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“எத்தனை ஓட்டு வித்தியாசமாம்?”

“நூத்தி நாப்பத்தி ஒண்ணு.”

அவள் தலையணையைக் கட்டிலின் தலைமாட்டில் வைத்து, இரண்டு பக்கமும் இழுத்து நேராக்கினாள்.

“நான் போட்டதைக் கழிச்சா நூத்தி நாப்பது,” என்றாள். “ரொம்ப ஒண்ணும் அதிகமில்லை.”